காலிப் பரணின் முதல் பாடகன்

"சரி, யாரு மொதல்ல?" என்றார் ரிசார்ட் மேனேஜர்.

உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் கைக்குட்டையை விரித்து, அதன் மேல் பேன்ட் மடிப்பு கலையாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே நாங்கள் மூன்று பேர், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளைகளைப் போல வரிசையாக நின்றோம். கரண்ட் இல்லை. தகரக் கதவு வழியாக வந்த வெளிச்சம் மேனேஜரின் ஷூ வரைக்கும் வந்து, அதற்கு மேல் உள்ளே வரத் தயங்கி நின்றது. மழை இன்னும் இறங்கவில்லை. பூம்பாறை மலை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதுபோல் இருந்தது.

வாசலில் இந்தப் பூண்டுக் கொட்டகையின் சொந்தக்காரர், என் நண்பன் முருகேசனின் அப்பா. தோளில் ஒரு கட்டு விறகு. "வெரசா முடிங்கப்பா. மேல ஈரப் பூண்டு கெடக்கு. புகை மூட்டம் போடலேன்னா பூசணம் பூத்துரும்."

மூலையில் ஒரு பயணப் பை. மேலே பாலித்தீன் தாள் சுற்றி, சணல் கட்டியிருந்தது. யாரும் அந்தப் பையைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணிலும் அது மட்டும்தான் பட்டுக்கொண்டிருந்தது.

நான் தொண்டையைச் செருமினேன். செருமியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் செருமியதுபோல் இருந்தது.

அந்தப் பை என்ன, அந்தச் செருமல் என்ன என்று சொல்வதற்கு முன்னால் நான் எப்படிப் பாடகன் ஆனேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சின்னக் கதைதான். நான் ஆகவே இல்லை.

கைதட்டிய பயணிகள்

கொடைக்கானலில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன் என்பது இந்தத் தொடரை வாராவாரம் பொறுத்துக்கொள்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். சேகர் என்று பெயர், ஏரிப் பக்கம் வந்தால் பாறை, குகை, அருவி என்று காட்டிக் கொண்டுவந்து விடுவேன்.

வண்டியில் பாடுவேன். குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருப்பார்களா, அந்த அடைத்த காருக்குள் என் குரல் எனக்கே கனமாக, உருண்டு திரண்டு கேட்கும். பின் இருக்கையில் கைதட்டுவார்கள். ஒருமுறை மதுரையிலிருந்து வந்த ஓர் அம்மா கொண்டை ஊசி வளைவில் விடாமல் கைதட்டினார். நான் உற்சாகமாகி, கையை ஆட்டி ஆட்டி இன்னும் உச்சத்துக்குப் போனேன். கடைசியில் அவர் கத்தினார்: "தம்பி, கைதட்டுறது பாட்டுக்கு இல்லப்பா! ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல வையி!"

அப்படிப்பட்ட ரசிகர்கள் வளர்த்த குரல் இது.

இந்தக் குரலுக்கு ஒரு ராக் பேண்ட் கிடைத்தது என்றால் அதற்குக் காரணம் முருகேசன். பூம்பாறையில் அவர்களுக்குக் காடு இருக்கிறது. பூண்டு, உருளை, கேரட் மாறி மாறிப் போடுவார்கள். அவன் டிரம்ஸ் அடிப்பவன். டிரம்ஸ் அடிப்பவனுக்கு ஊரில் இடம் கொடுக்க மாட்டார்கள் என்பதால் காட்டின் ஓரத்தில் இருந்த பூண்டுக் கொட்டகைக்குள் ஒதுங்கினான். தகரச் சுவர், தகரக் கூரை. கூரைக்கும் தரைக்கும் நடுவில் மூங்கில் பரண். அறுத்த பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாக அந்தப் பரணில் தொங்கவிட்டு, அடியில் புகை போட்டு வைப்பார்கள். மாதக்கணக்கில் கெடாது.

கிட்டாருக்கு ஜெரோம். டவுன்காரன், சர்ச் கொயரில் வளர்ந்தவன், "பிட்ச்" என்ற சொல்லைச் சாமி பெயரைப்போலச் சொல்பவன். பேஸ் கிட்டாருக்கு நான். அதில் தந்தி குறைவு என்பதுதான் நான் அதைத் தேர்ந்தெடுத்த ஒரே காரணம்.

பிறகு தேவகி.

பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருக்கிறாள். தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே அனுப்பி வைக்கப்பட்ட குடும்பம். பஸ் வராத ஒரு நாள் என் காலி வண்டியில் ஏறியவள், நான் பாடிக்கொண்டிருந்த பாட்டின் இரண்டாவது வரியைப் பின்னாலிருந்து எடுத்தாள். கரகரப்பான, தாழ்ந்த குரல். நான் நிறுத்திவிட்டு, "அம்மாடி, அது அப்படி இல்ல, கொஞ்சம் மேல" என்று திருத்தினேன். அவள் மரியாதையாக, "சரிங்க அண்ணே" என்றாள். அன்றைக்கு யார் யாரைத் திருத்தியிருக்க வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

முதுகைத் திருப்பிக் கேட்பது

பேண்டுக்குப் "பூண்டுப் பரண்" என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்த மறுநாளே சண்டை தொடங்கியது. நால்வரில் யார் நன்றாகப் பாடுகிறார்கள்?

டீக்கடையில் இந்தப் பேச்சு ஓயாது. "ஜெரோம் பாடுனா ஒரு சுருதி தப்பாது, ஆனா கண்டக்டர் டிக்கெட் கிழிச்சுக் குடுக்கற மாதிரி இருக்கு" என்பான் முருகேசன். "சேகர் அண்ணே குரல் நல்லாத்தான் இருக்கு, அது எந்தப் பாட்டுன்னுதான் தெரியல" என்பாள் தேவகி. "தேவகி வாய்ஸ் ஓகே, பட் மஃபில்டா இருக்கு மச்சான், தலையணைக்குள்ள இருந்து வர்ற மாதிரி" என்பான் ஜெரோம். முருகேசன் தன் குரலைப் போட்டியிலிருந்து தானே எடுத்துவிட்டான். அவன் பாடினால் காட்டில் பன்றி வருவதில்லை என்பது அவன் அப்பாவின் ஒரே பாராட்டு.

முடிவுகட்ட ஒரு முறை கண்டுபிடித்தோம். ஒருவர் கொட்டகைக்குள் போய்ப் பாட வேண்டும். மற்றவர்கள் வெளியே தகரச் சுவருக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் நட்பு குறுக்கே வந்துவிடும் அல்லவா? முதுகுக்கு நட்பு கிடையாது என்பது எங்கள் சித்தாந்தம். எல்லோருக்கும் ஒரே பாட்டு, எங்கள் சொந்தப் பாட்டு:

பனி ஏறுது, பஸ் எறங்குது
நடுவுல நிக்கிறேன் நான்

அந்தக் கடைசி "நான்" இருக்கிறதே, எனக்கு எழுதிவைத்த சொல். அதை இழுப்பேன். கொட்டகை காலி. தகரமும் மூங்கிலும் மட்டும். என் "நான்" கூரையில் மோதி, சுவரில் மோதி, இன்னும் நான்கு நானாகத் திரும்பி வரும். உள்ளே நிற்கும் எனக்கே புல்லரிக்கும். வெளியே முதுகுகளும் சிலிர்த்ததாக முதுகுகளே ஒப்புக்கொண்டன.

தேவகி பாடும்போது அவள் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கொழகொழவென்று ஆகிவிடும். அவள் குரல் தாழ்ந்தது. கொட்டகை அதை உருட்டிக் கலக்கிவிடும். "எனக்கு இங்கன ஏலாதுண்ணே. நான் ஒண்ணு சொன்னா இந்தச் செவுரு ஒண்ணு சொல்லுது" என்பாள். சாக்குப்போக்கு என்று நினைத்தோம். ஆடத் தெரியாதவர் தரையைக் குறை சொல்வதாக நான் ஒரு நீண்ட சிரிப்பு சிரித்தேன். அந்தச் சிரிப்பும் நான்கு மடங்காகத் திரும்பி வந்தது.

முடிவு: முதல் இடம் நான். அடுத்தது ஜெரோம். கடைசியில் தேவகி.

டவுனில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். எதிர்ப்படாதவர்களைத் தேடிப் போயும் சொன்னேன்.

மூன்று பேருக்குத்தான் மேடை

இந்தச் சமயத்தில்தான் ரிசார்ட் வந்தது. மலைச்சரிவில் கருங்கல்லும் கண்ணாடியுமாகப் புதிதாகக் கட்டியது. நான் அடிக்கடி டூரிஸ்டுகளைக் கொண்டுபோய் விடுகிற இடம். சனிக்கிழமை தோறும் சாயங்காலம் அவர்களுடைய ஹாலில் பாட ஒரு குழு வேண்டும், வருஷம் முழுக்க. ஆனால் மேடை சின்னது.

"மூணு பேருதான்" என்றார் மேனேஜர். சமவெளியிலிருந்து புதிதாக வந்தவர். வெயிலிலும் மஃப்ளர் சுற்றியிருப்பார். "ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ். மூணாவது ஆளு யாருன்னு பாத்துக்குவோம். பாட்டு யாரு பாடுறாங்களோ அத வச்சு."

கணக்கு எளிது. ஜெரோம் கிட்டாரோடு இருப்பான். முருகேசன் டிரம்ஸோடு இருப்பான். நானோ ஜெரோமோ பாடுவதென்றால் மூன்றாவது ஆள் பேஸ் வாசிக்கும் நான்தான். தேவகிக்கு இடம் வேண்டுமென்றால் அவள் எங்கள் இரண்டு பேரையும் ஜெயிக்க வேண்டும்.

அவளுக்கு வேறு வழியும் கிடையாது. தோட்டத்தில் அந்தப் பருவம் காபி எடுப்பு முடிந்து வேலை நின்றிருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் அக்கா வீட்டுக்காரர் பேசிவைத்துவிட்டார். ஹாஸ்டலில் தங்கி வேலை. ஞாயிறு மட்டும் லீவு, அதுவும் ஆர்டர் இல்லாவிட்டால்.

"போனா பாட்டு?" என்று முருகேசன் கேட்டபோது, "அங்க மெஷின் பாடும், நான் கேப்பேன்" என்று சொல்லிச் சிரித்தாள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "போன்ல வீடியோ அனுப்பாதீங்க. எல்லாரும் எதையாவது கலந்து அனுப்புறாங்க. நீங்க பிராக்டிஸ் பண்ற எடத்துக்கே வந்து, மைக்கு கிக்கு இல்லாம, தொண்டைய மட்டும் கேக்கணும்."

எனக்கு உள்ளூரக் குஷி. எங்கள் கொட்டகையிலா? என் கோட்டையிலா? அவரை நானே காரில் அழைத்து வருகிறேன் என்றேன்.

அன்று காலையில், நான் மேனேஜரை ஏற்றப் போவதற்கு முன்பே, தேவகி பண்ணைக்காட்டிலிருந்து வந்து என் வண்டியில் ஏறினாள். கையில் அந்தப் பை. "தேறலைன்னா அப்படியே பழனி பஸ்ஸுல ஏறிர்றேண்ணே. அக்கா வீட்டுக்காரரு பழனி ஸ்டாண்டுல நிப்பாரு. வீட்டுக்குப் போயிட்டு வந்தா அம்மா அழும்."

வழி நெடுக நான் பாடவில்லை. தொண்டையைக் காப்பாற்றிக்கொள்வதாக அவளிடம் சொன்னேன். உண்மையில் அந்தப் பை பின் கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருந்தது.

கேரட் பரணேறாது

கொட்டகைக் கதவைத் திறந்ததும் மூக்கில் அறைந்தது வாசனை.

பரண் முழுக்கப் பூண்டு. கட்டுக்கட்டாக, தாளும் மண்ணும் ஈரமுமாக, கூரை தெரியாமல் தொங்கியது. சுவரோரமெல்லாம் கட்டுகள் சாய்ந்து நின்றன. நடக்கக் குனிய வேண்டியிருந்தது.

"மானம் கறுத்துருச்சு மாப்ள" என்றான் முருகேசன், மண் கையோடு. "அப்பா வெள்ளனே எழுப்பிவிட்டுட்டாரு. மொத்தக் காட்டையும் புடுங்கி ஏத்தியாச்சு. மழை விழுந்தா அம்புட்டும் அழுகிரும்ல?"

பேண்ட் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கொட்டகையில் நாங்கள் பூண்டைப் பார்த்ததே இல்லை. போன போகம் அவர்கள் போட்டது கேரட். கேரட் பரணேறாது; கழுவி நேராக லாரியில் ஏறிவிடும். அதனால் எங்கள் சங்கீத வாழ்க்கை முழுவதும் அந்தக் கொட்டகை காலியாகவே இருந்தது.

அதனால் என்ன, பூண்டுதானே என்று நினைத்தேன். பூண்டு கேட்கவா போகிறது?

கேட்டது. அதுதான் சிக்கல்.

"சரி, யாரு மொதல்ல?" என்று மேனேஜர் கேட்டதும் நான் செருமியதும் இந்த இடத்தில்தான்.

ஜெரோமும் அந்தச் செருமலைக் கவனித்துவிட்டான். மெல்லக் கையைத் தூக்கி ஒரு தட்டு தட்டினான். பட். அவ்வளவுதான். எப்போதும் கூரையைச் சுற்றிவிட்டு வரும் சத்தம், அவன் உள்ளங்கையிலேயே செத்து விழுந்தது. அண்ணாந்து பார்த்தான்.

"மச்சான்," என் காதில் கிசுகிசுத்தான், "எக்கோ இல்லடா. எல்லாத்தையும் பூண்டு குடிக்குது."

"வேற எடம் போலாமா?"

"வெளிய பாரு. மழை வரப் போவுது. சார் வாட்ச்ச பாக்குறாரு."

"என்னங்க ரகசியம்?" என்றார் மேனேஜர். "பனி எறங்குறதுக்குள்ள நான் கீழ போகணும்."

"ஏலே, பாடுறதுன்னா பாடுங்க, இல்லேன்னா நகருங்க, எனக்குச் சோலி கெடக்கு" என்றார் முருகேசனின் அப்பா. விறகைத் தரையிலிருந்த புகைக் குழிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, சட்டைப் பையில் தீப்பெட்டியைத் தேடினார்.

உள்ளே போன குரல்கள்

ஜெரோம் முதலில் பாடினான். ஒரு தவறும் இல்லை. எடுத்த சுருதியில் தொடங்கி அதே சுருதியில் முடித்தான். ஆனால் வரிக்கும் வரிக்கும் நடுவில் வழக்கமாகக் கொட்டகை அவனுக்காக நிரப்பும் இடம் இப்போது வெறும் பள்ளமாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் பயந்து வேகம் கூட்டினான். பஸ் கிளம்பப் போகிறது என்று டிக்கெட்டை அவசரமாகக் கிழிக்கும் கண்டக்டர்.

மேனேஜர் தலையை ஆட்டினார். நல்ல ஆட்டமா கெட்ட ஆட்டமா என்று தெரியவில்லை.

அடுத்து நான்.

"பனி ஏறுது" என்று தொடங்கினேன். யாருடைய குரல் அது? ஒல்லியாக, மூக்கு வழியாக, ரேஷன் கடை வரிசையில் இடத்துக்குச் சண்டை போடும் ஆளின் குரல். அதை நான் அதுவரை கேட்டதே இல்லை. உலகம் பூராவும் கேட்டிருக்கிறது என்று அந்தக் கணத்தில் புரிந்தது. என் காரில் ஏறிய எத்தனை குடும்பங்கள்!

திரும்பி ஓடவும் வழியில்லை. "நான்" வந்துகொண்டிருந்தது. என் புகழ்பெற்ற "நான்". பிடித்து இழுத்தேன். பாதியில் அது உடைந்து, குட்டியைத் தொலைத்த ஆடு மாதிரி ஒரு சத்தம் வந்தது. நடுவில் நின்றுகொண்டு, அந்தச் சத்தத்தை எப்படி முடிப்பது என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் இழுத்தேன்.

முருகேசன் தரையைப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது.

"சளியா தம்பி?" என்றார் அவன் அப்பா, நிஜமான அக்கறையோடு.

"ஆமாங்க மாமா" என்றேன்.

தேவகி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மேலே, பூண்டுக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே தாங்காதுப்பா" என்று முருகேசனின் அப்பா குழியில் தீயை மூட்டினார். ஈர விறகு. புகை தரையோடு ஊர்ந்து எழும்பியது. மேனேஜர் மஃப்ளரை மூக்கில் அழுத்திக்கொண்டு எழுந்தார்.

"போதும்னு நினைக்கிறேன்..."

"சார், இன்னும் ஒரு ஆளு" என்றான் முருகேசன். அவன் குரல் கொஞ்சம் கெஞ்சியது.

மேனேஜர் நின்றபடியே, கதவைப் பார்த்தபடியே, "ம்" என்றார்.

தேவகி இரண்டடி முன்னால் வந்தாள். மூச்சு எடுத்த சத்தம்கூடக் கேட்டது.

பனி ஏறுது.

அவ்வளவு பக்கத்தில் யாரும் பாடி நான் கேட்டதில்லை. அவள் நின்றது அங்கே; குரல் நின்றது என் தோளுக்குப் பின்னால். ஒவ்வொரு சொல்லும் தனியாக, முழுசாக, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுந்து போயிற்று. கரகரப்பு என்று நாங்கள் சொன்னது கரகரப்பு இல்லை; சொல்லுக்குள் இருந்த ஈரம். வரிகளுக்கு நடுவில் ஜெரோம் பயந்த அதே பள்ளங்களில் அவள் நிதானமாக நின்றாள். விறகு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அடுத்த வரி.

புகை அவள் முழங்கால் வரை ஏறியது. இருமிவிடுவாளோ என்று முருகேசன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். நானும் என் மூச்சை நிறுத்தி வைத்திருந்தேன். அவளுக்கு அது உதவும் என்பதுபோல.

கடைசி "நான்" வந்தது. அவள் இழுக்கவில்லை. யாரோ பெயர் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொல்லி, விட்டுவிட்டாள்.

முருகேசனின் அப்பா குனிந்த வாக்கில் விறகைத் தள்ளாமல் நின்றார்.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புகை" என்றார்.

"ஆமா சார், புகை" என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

"எங்க பிராக்டிஸ் பண்ணுவீங்கம்மா?"

"கம்பளிக்குள்ள சார்."

"எங்க?"

"லயத்து வீடு சார். எல்லாத்துக்கும் பொதுச் செவுரு. நான் பாடினா பக்கத்து வீட்டுப் புள்ள முழிச்சுக்கும். அதனால கம்பளியத் தலையோட மூடிக்கிட்டுப் பாடுவேன். குரலு வெளிய போவாது, திரும்பியும் வராது." மேலே கையைக் காட்டினாள். "இன்னைக்கு இங்கனயும் அப்படியேதான் இருக்கு."

என்னைக் கேட்ட கேள்வி

மேனேஜர் வெளியே வந்தார். நாங்கள் பின்னாலேயே வந்தோம். பள்ளத்தாக்கிலிருந்து பனி மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவர் காரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஹால் பெருசு. பூரா கல்லும் கண்ணாடியும். நான் அங்க இன்னும் யாரும் பாடிக் கேட்டதில்ல. நீங்க அடிக்கடி வர்ற ஆளு. இந்தக் குரல் அங்க எடுபடுமா? தெரிஞ்சா சொல்லுங்க."

மற்ற மூவரும் அந்த ஹாலுக்குள் கால் வைத்தது கிடையாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

நன்றாகவே தெரியும். டூரிஸ்டுகளுக்காகக் காத்திருந்த ஒரு மதியம், ஹாலில் யாரும் இல்லாதபோது உள்ளே போய் "நான்" என்று ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்திருக்கிறேன். காலிக் கொட்டகையெல்லாம் அதன் கால்தூசிக்கு வராது. அந்த ஹாலில் நான் இருமினால்கூடக் கச்சேரி. அங்கே தேவகியின் குரல் கொழகொழவென்று கலங்கிப்போகும். என்னுடையதைப் போன்ற மூக்குக் குரல்தான் எழும்.

பொய்கூடச் சொல்ல வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதும். "அங்க எக்கோ அதிகம் சார். ஒரு தடவை அங்க வந்து என்னையும் கேட்டுப் பாருங்க." அவ்வளவுதான். சனிக்கிழமை மேடை, மூன்றாவது ஆள், பேஸும் பாட்டும், சேகர்.

வாயைத் திறந்தேன். முதல் பாதி வந்தும்விட்டது.

"அங்க எக்கோ அதிகம் சார்."

மேனேஜரின் முகம் இறங்கியது. ஜெரோம் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் கணக்கு அவனுக்குப் புரிந்துவிட்டது. முருகேசன் கதவில் சாய்ந்தான். தேவகி என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளே போய், புகைக்குள்ளிருந்து பையை எடுத்து வந்து, பாலித்தீன் தாளில் படிந்த தூசியைத் தட்டினாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட ஆளின் அவசரம் மட்டும் இருந்தது.

மிச்சப் பாதி தொண்டையில் நின்றது. என் வாய் என்னைக் கேட்டுப் பேசிய வழக்கம் கிடையாது. அன்றைக்கும் கேட்கவில்லை.

"செவுத்துல கம்பளியத் தொங்கவிட்டா சரியாப் போயிரும் சார்."

"கம்பளியா?"

"நாலு பக்கமும். கெட்டியா. இந்தக் கொட்டகையில எப்படிக் கேட்டுச்சோ அப்படியே கேக்கும். மலைக் கம்பளி, டூரிஸ்டுங்க போட்டோ எடுப்பாங்க."

மேனேஜர் யோசித்தார். புகைக்கு அப்பால் தொங்கிய கட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு வரிசை பூண்டும் தொங்கவிட்டா?"

"பூண்டப் பாட்டுக் கேக்கவா வளத்தேன்?" என்றார் முருகேசனின் அப்பா.

"அப்ப சரி" என்றார் மேனேஜர். "கிட்டார், டிரம்ஸ், பாட்டுக்கு இந்த அம்மா. மூணு பேரு." பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் சங்கடமாக, "நீங்க..?"

"நான் டிரைவர் சார்" என்றேன். "ஏறுங்க, பனி மூடிரும்."

தேவகி பையைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். போனை எடுத்து, "மாமா, நீங்க வீட்டுக்குப் போங்க. இல்ல, இன்னிக்கு வரல. நாளைக்கும் வரல" என்றாள். போனை முருகேசன் வாங்கிப் பேசினான்.

முதல் சொட்டு என் கார் பேனட்டில் விழுந்தது.

கண்ணாடி

இப்போது ஹாலின் நான்கு சுவரிலும் கம்பளி தொங்குகிறது. ஒரு மூலையில் மட்டும் பூண்டு. முருகேசனின் அப்பா மனமில்லாமல் கொடுத்தது. பேய்க்காகவா என்று டூரிஸ்டுகள் கேட்கிறார்கள். ஒருவகையில் ஆமாம், நான் உள்ளே வந்து பாடிவிடாமல் இருக்க என்கிறான் ஜெரோம்.

சனிக்கிழமை அவர்களைக் கொண்டுபோய் விடுவதும் திருப்பி அழைத்து வருவதும் நான்தான். ஹாலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். தேவகி "நான்" என்று முடிக்கும் இடத்தில் எனக்குள் ஏதோ ஒன்று இன்னும் இழுக்கத்தான் பார்க்கிறது. அடக்கிவிடுவேன்.

போன சனிக்கிழமை திரும்பும்போது மற்ற இருவரையும் டவுனில் இறக்கிவிட்டு, தேவகியைப் பண்ணைக்காட்டில் விடப் போய்க்கொண்டிருந்தேன். பழக்கதோஷம், பாட ஆரம்பித்தேன். அடைத்த காருக்குள் என் குரல் பழையபடி உருண்டு திரண்டு வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு! நான் கொஞ்சம் தைரியமானேன்.

பின்னாலிருந்து தேவகி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். பனி உள்ளே வந்தது. என் குரல் வெளியே போனது, போனதுதான், திரும்பவில்லை. மிஞ்சியது அந்த ரேஷன் கடைக் குரல். நான் நிறுத்திவிட்டேன்.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க?"

"கண்ணாடிய எறக்கிட்டயே."

"மூச்சு முட்டுச்சுண்ணே, அதான். நீங்க பாடுங்க."

"இந்தக் குரல்லயா?"

"இதுதானே உங்க குரலு" என்றாள். "பாடுங்க. ஆனா வளைவு வருது, ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும்."

வைத்துக்கொண்டேன். பாடினேன். கண்ணாடி இறங்கியே இருந்தது.